ஓடாத காருக்குப் பெற்றோல்

"கார் ஓடப்போறேல்லை எண்டால் ஏன் அண்ணை தாங்கி நிறையப் பெற்றோல் அடிச்சனீங்கள்?"

ஸ்டீல்ஸ் வீதி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்த இளையவர் கேட்டார். பக்கத்தில் இருந்த பெரியவரின் கையில் ஒரு சிவப்புப் போத்தல்.

"ஓடாததாலைதான். பாதித் தாங்கியோடை விட்டால் வின்ரர் குளிருக்குள்ளை தாங்கியிலை தண்ணி பிடிச்சிடும். இந்த மருந்தையும் ஊத்தி, எஞ்சினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டால் பெற்றோல் பழுதாகாது. ஒரு போத்தல் ஆறு மாசத்துக்குக் காணும்."

"டொக்ரரும் ஆறு மாசம்தானே கார் ஓட வேண்டாமெண்டவர்?"

"ஓம். அதுக்குள்ளை இன்னொருக்கா வலிப்பு வராட்டி."

"வராது அண்ணை."

பெரியவர் யன்னலைப் பார்த்தார்.

மில்லிக்கன் தரிப்பில் இறங்க எழுந்தபோது போத்தலைப் பைக்குள் வைத்தார். உள்ளே அதே மாதிரி இன்னொரு போத்தல் இருந்தது.