உப்பில்லாத மூஞ்சி

— துப்பிட்டாளா?

— துப்பாம? என் சட்டையைப் பாத்தா தெரியலையா?

— இன்னிக்கு என்ன, பூசணியா?

— பூசணிதான். ஆவியில வேகவச்சு, மசிச்சு, நார் இல்லாம வடிகட்டி, நீ எடுத்து வச்ச பால்ல கொஞ்சம் விட்டு இளக்கி, வெதுவெதுன்னு ஆறவச்சு... எதுக்கு? என் காலர்ல பூசிக்கிறதுக்கு.

— சட்டை கிடக்கட்டும் மாஸ்டர். ஒரு வாய் கூடவா உள்ள போகல?

— போச்சு. போன வேகத்துல திரும்பி வந்துச்சு. கேன்டீன்ல முந்நூறு பேருக்கு ஆக்கிப் போடறவன்டி நான். ஒருத்தன் தட்டைத் தள்ளி வச்சதில்ல. பல்லு கூட முளைக்காத ஒரு முதலாளியம்மா வந்து என் தொழிலையே துப்பிட்டா.

— முந்நூறு பேரும் ருசிக்காகவா சாப்பிடறாங்க? ஃபேக்டரி பக்கத்துல வேற கடை கிடையாது. அதான் சாப்பிடறாங்க.

— அதையும் இன்னிக்கே சொல்லணுமா? சொல்லு, சொல்லு. அம்மாவும் பொண்ணும் பேசி வச்சுக்கிட்டு அடிங்க.

— தலையை நிமித்துங்க, துடைச்சு விடறேன். காதுல வேற இருக்கு.

— அது நேத்தைய கேரட்டா இருக்கும்.

— வாழைப்பழம் குடுத்துப் பாக்கலாமா? அது இனிப்பாத்தானே இருக்கும்.

— முந்தாநாள் குடுத்தேனே. கையில வாங்கினா, பிசைஞ்சா, தலையில தேய்ச்சுக்கிட்டா. வாயைத் தவிர எல்லா இடத்துலயும் சாப்பிட்டா. ஆப்பிளுக்கும் அதே மரியாதைதான். சத்தியமா சொல்றேன், எனக்கு சமையல் மறந்துபோச்சோன்னு பயமா இருக்கு. நேத்து ராத்திரி ஷிஃப்ட்டுக்குப் போய் குழம்பை நாலு தடவை ருசி பாத்தேன். கூட வேலை செய்யறவன், "என்ன மாஸ்டர், பசிக்குதா?"ன்னு கேக்கறான்.

— டாக்டரம்மா சொன்னாங்கல்ல? ஆறு மாசம் முடிஞ்சாச்சு, கழுத்து நிக்குது, உக்கார்றா, நம்ம தட்டையே பாக்கறா. மெதுவா ஆரம்பிங்க, பாலும் தொடர்ந்து குடுங்க, உப்பு வேணாம், சக்கரை வேணாம், அவசரம் வேணாம்னு.

— அவசரம் வேணாம்னு அவங்க சுலபமா சொல்லிட்டாங்க. திங்கட்கிழமை அவங்களுக்கா வருது? உனக்கும் எனக்கும்தானே வருது.

— அதை ஞாபகப்படுத்தாதீங்க. பள்ளிக்கூடம் பூரா ஐடி கார்டு போட்டோ. காலையில நின்னா சாயங்காலம் வரைக்கும் நகர முடியாது. நடுவுல பால் குடுக்க ஓடி வந்தேன்னா, அடுத்த வருஷம் அந்த ஆர்டர் எதிர் ஸ்டுடியோவுக்குப் போயிடும். அவன் ஏற்கனவே புதுசா போர்டு மாட்டி, லைட்டு போட்டு உக்காந்திருக்கான்.

— நீ எடுத்து வச்ச பால் இருக்கில்ல?

— அதைப் புட்டியில குடுத்தா முகத்தைத் திருப்பிக்கறா, பாலாடையில குடுத்தா தட்டி விடறா. நேரா எங்கிட்டதான் வேணும் அவளுக்கு. பகல்ல நாலு வாயாவது சாப்பிட்டாத்தான் நான் கடையைத் திறக்க முடியும். இல்லைன்னா வாடகைக்கு விட்டுட்டு வீட்டோட கிடக்க வேண்டியதுதான்.

— அவ சாப்பிட ஆரம்பிச்சா பாலை விட்டுடுவாளேன்னு உனக்கு மனசுல வருத்தம் ஏதாவது...

— வருத்தமா? எனக்கா? நல்லா கேட்டீங்க போங்க. ஆறு மாசமா நான் மனுஷியா, பால் பூத்தான்னு எனக்கே சந்தேகம். எப்பவும் திறந்திருக்கிற பூத்து வேற. லீவு கிடையாது. இப்ப ஈறாலயே கடிக்கவும் ஆரம்பிச்சிருக்கா. அவ என்னிக்கு ஒரு கிண்ணம் சாப்பிடறாளோ, அன்னிக்கு நான் நிம்மதியா குப்புறப் படுத்துத் தூங்குவேன். அது ஒண்ணுதான் என் வாழ்க்கை லட்சியம்.

— சரி, சரி. லட்சியத்துக்காக இன்னொரு தடவை முயற்சி பண்ணுவோம். முதலாளியம்மா, கோபம் தீந்துச்சா? பாரு, சிரிக்கறா. துப்பறதுக்கு முன்னாடி எப்பவும் இப்படித்தான் அழகா சிரிப்பா. இரு, சூடு சரியா இருக்கான்னு பாத்துக்கறேன்...

— அசையாதீங்க!

— என்னடி, பூச்சியா?

— அப்படியே இருங்க. இப்ப என்ன செஞ்சீங்க?

— என்ன செஞ்சேன்? ஒரு துளி ருசி பாத்தேன். ருசி பாக்காம எதையும் நான் யாருக்கும் பரிமாறினதில்ல.

— ருசி பாத்துட்டு மூஞ்சியை என்ன செஞ்சீங்க?

— மூஞ்சி சும்மாதானே இருந்துச்சு.

— சும்மாவா? மூக்கு சுருங்கி, ஒரு கண்ணு மூடி, கழுத்து சட்டைக்குள்ள போயிடுச்சு. கஷாயம் குடிச்ச மாதிரி.

— உப்பே இல்லம்மா! உப்பு இல்லாத பூசணியை நாக்குல வச்சுப் பாரு, தெரியும். இருபது வருஷமா உப்பு பாத்த நாக்கு இது. நான் சொன்னா கேக்குமா?

— அவ எதிர்ல உக்காந்து அந்த மூஞ்சியைத்தானே பாக்கறா? அப்பாவே இந்தப் பாடு படறாரு, நமக்கெதுக்கு வம்புன்னு நினைப்பாளா மாட்டாளா?

— வெக்கமா இருக்கு. என் சமையல்தான் தப்புன்னு ஒரு வாரமா பூசணியை மாத்தறேன், கேரட்டை மாத்தறேன், வடிகட்டியைக் கூட மாத்தினேன். மாத்த வேண்டியது மூஞ்சியைன்னு யாரு கண்டா?

— நாள் பூரா மூஞ்சி பாக்கறதுதானே என் பொழப்பு. லென்ஸுக்குப் பின்னாடி நிக்கறவகிட்ட ஒருத்தரும் மறைக்க முடியாது. கல்யாண ஜோடி வந்து நின்னா, வர்ற வழியில சண்டை போட்டாங்களா இல்லையான்னு சொல்லிடுவேன்.

— அப்ப என்னை என்ன செய்யச் சொல்ற? இந்த மூஞ்சியை எங்க கொண்டு போய் வைக்கிறது?

— பாஸ்போர்ட் போட்டோவுக்கு வைப்பீங்கல்ல, அந்த மூஞ்சியை வைங்க.

— அதுல எல்லாரும் பொணம் மாதிரில்ல இருப்போம்.

— அதான் வேணும். பொணத்துக்கு உப்பு இருக்கா இல்லையான்னு தெரியாது.

— சரி. இப்படியா?

— தாடையைக் கொஞ்சம் இறக்குங்க. புருவத்தை விடுங்க. புருவத்தை விடுங்கன்னா அதுக்குக் கண்ணை ஏன் உருட்டறீங்க? ஆங், அப்படியே. இருங்க, அவ நாற்காலிக்குப் பின்னாடி, அந்த அலமாரியில என் போனை நிக்க வைக்கறேன். உங்க மூஞ்சி நேரா விழும்.

— அது எதுக்கு?

— அப்புறம் நான் சுளிக்கவே இல்லைன்னு சாதிப்பீங்க. எங்க தொழில்ல வாயால பேச மாட்டோம், படத்தைக் காட்டுவோம். உங்களுக்குப் பின்னாடி தொங்கற துண்டை எடுத்துக்கறேன், இருங்க.

— ஊட்டறது நம்ம வீட்டுல. துண்டு தொங்கினா என்ன, வேட்டி தொங்கினா என்ன?

— படத்தைக் கெடுக்கறது எப்பவும் பேக்ரவுண்டுதாங்க. எல்லாரும் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருப்பாங்க, பின்னாடி என்ன இருக்குன்னு பாக்கவே மாட்டாங்க. கடைக்கு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டையே போயிடுச்சு. ம், ஓடுது. ஊட்டுங்க.

— நீ எங்க போற?

— எங்க போறேன்? எப்பவும் நிக்கற இடத்துலதான் நிக்கறேன், உங்க முதுகுக்குப் பின்னாடி. துடைக்கற துணியோட.

— சரி. வாங்க முதலாளியம்மா. ஆ... ஆ காட்டுங்க. எங்க பாக்கறா இவ? என்னைப் பாக்கவே மாட்டேங்கறா. என் தலைக்கு மேல எங்கயோ பாக்கறா.

— கடிகாரத்தைப் பாப்பா. அது இங்கதானே மாட்டியிருக்கு. பெண்டுலம் ஆடினா அவளுக்குப் பிடிக்கும்.

— கரண்டி வருது, கரண்டி வருது... அடடா, மூடிட்டா. வாயைப் பூட்டிட்டா. தலையை வேற ஆட்டறா பாரு, இப்படியும் அப்படியும். இதை எங்கடி கத்துக்கிட்டா?

— உங்க அக்காவோட ரத்தம். எதைச் சொன்னாலும் முதல்ல வேணாம்னு தலையாட்டிட்டுத்தானே அவங்க பேசவே ஆரம்பிப்பாங்க.

— எங்க அக்கா இங்க வந்தே மூணு மாசமாச்சு. அவளை ஏன் இழுக்கற? எனக்குத்தான் மூஞ்சி சரியா நிக்கல போல. மறுபடி... ஏய், என்ன வாசனை?

— ஐயையோ, அடுப்புல உருளைக்கிழங்கு! இருங்க, அணைச்சுட்டு வந்துடறேன்.

— தீய்ஞ்சு போச்சா?

— அடிப் பிடிச்சிருச்சு! பாத்திரத்தைத்தான் ஊறப் போடணும்! நீங்க ஊட்டுங்க!

— ஊட்டறேன், ஊட்டறேன். வாம்மா. அப்பா பொணம் மாதிரி இருக்கேன் பாரு. உப்பு, புளி, காரம் ஒண்ணும் அறியாத பொணம். ஆ... ஏய்! ஏய், இங்க பாரு!

— என்னாச்சு? துப்பிட்டாளா?

— முழுங்கிட்டா!

— பொய்!

— சத்தியமா! தொண்டையில இறங்கறதைப் பாத்தேன்! இரு, இன்னொண்ணு... இதையும் வாங்கிட்டா! நாக்கைச் சப்புக்கொட்டறாடி! கரண்டியைப் புடிச்சு இழுக்கறா! முந்நூறு பேர் பாராட்டினாலும் இப்படி இருக்காது! பாராட்டினதில்லை, அது வேற விஷயம்!

— இருங்க, இருங்க, குடுக்காதீங்க! நான் வர்றேன், நான் பாக்கணும்!

— வா, சீக்கிரம் வா. நில்லு, முன்ன மாதிரியே என் பின்னாடி நில்லு. பாத்துக்கோ. முதலாளியம்மா, அம்மாவுக்கு ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. கரண்டி வருது...

— மூடிட்டா.

— இல்ல, இரு...

— தலையாட்டறா. துப்பறா. உங்க தோளைத் தாண்டி என் மேலயே துப்பறா.

— இவ்வளவு நேரம் சாப்பிட்டாளேடி! கிண்ணத்தைப் பாரு, குறைஞ்சிருக்கா இல்லையா?

— குறைஞ்சிருக்கு. கொஞ்சம் தரையில இருக்கு, கொஞ்சம் உங்க மேல இருக்கு.

— நான் பொய்யா சொல்றேன்?

— பொய்ன்னு சொல்லல. சந்தோஷத்துல பாஸ்போர்ட் மூஞ்சியை விட்டிருப்பீங்க. அதான் மறுபடி சுளிச்சிருப்பீங்க. இதுக்குத்தான் போனை வச்சேன். அதை எடுங்க, பாத்துடலாம்.

— இந்தா. நீயே ஓட்டு. தப்பு என் மேலன்னா ஒத்துக்கறேன். ஒரு வாரமா ஒத்துக்கிட்டுத்தானே இருக்கேன்.

— இதோ, முதல் வாய். கரண்டி வருது. உங்க மூஞ்சி... ம்ம். மூஞ்சி கல்லு மாதிரிதான் இருக்கு. சுளிக்கலையே.

— நான்தான் சொன்னேனே.

— ஆனா வாங்கல அவ. இப்ப நான் அடுப்படிக்குப் போயிட்டேன். இது சாப்பிட்ட வாய்தானே? இதுலதான் நீங்க பல்லை இளிச்சுக்கிட்டு, புருவத்தைத் தூக்கிக்கிட்டு, பாக்கவே சகிக்கல. இந்த மூஞ்சிக்கா சாப்பிட்டா?

— அப்ப என் மூஞ்சிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையா?

— இருங்க, நான் திரும்பி வந்த இடத்தைப் பாக்கலாம். மூஞ்சி நல்லா இருக்கு. லைட்டு நல்லா இருக்கு. அப்புறம் எதுக்குத் துப்பினா?

— நிறுத்து. அங்க நிறுத்து.

— என்ன?

— கடைக்கு வர்றவங்ககிட்ட தொண்டை போகச் சொல்வியே, அதைச் செய். என் மூஞ்சியைப் பாக்காத. பேக்ரவுண்டைப் பாரு.

— பின்னாடி என்ன இருக்கு? துண்டைத்தான் எடுத்துட்டேனே. நான்தான் துணியோட நிக்கறேன்.

— கரண்டி அவ வாய்கிட்ட வரும்போது பாரு. மெதுவா ஓட்டு.

— கரண்டி வருது... நான்... உதட்டை இறுக்கிக் கடிச்சுக்கிட்டு... கண்ணு ஏன் இப்படிக் கலங்கி... அவ என்னையேதான் பாக்கறா, கடிகாரத்தை இல்ல... மாஸ்டர், வேணாம் வேணாம்னு முதல்ல தலையாட்டறது அவ இல்லீங்க, நான்.