எங்க வாசல்ல மட்டும் ஒரு பள்ளம்

...அதான் சொல்றேன், அந்த மேஸ்திரியைச் சும்மா விடக்கூடாது மாடி அக்கா. ஸ்கூட்டரை உருட்டாதீங்க, முன்சக்கரம் இறங்கிடுச்சுன்னா தூக்கறதுக்கு ஆள் தேடணும். பாருங்களேன், தெரு முழுக்க சிமெண்ட் ரோடு வழுவழுன்னு. எங்க கேட்டுக்கு நேரா மட்டும் முழங்கால் பள்ளம். நீங்க நேத்துதானே குடிவந்தீங்க, போன வாரம் நடந்த அநியாயம் உங்களுக்கு எங்க தெரியப்போகுது.

இன்னிக்கு வேலைல சேரணுமா? முதல் நாளா? அடடா. சுருக்கமா சொல்லிடறேன்.

அந்த ஆளு என் எதிர்லயே நின்னு போன்ல சொல்றார், "தார் ரோடு பாதி முடிஞ்சுது"ன்னு. தாராம். ஒரு சொட்டு காட்டச் சொல்லுங்க பாப்போம். மொழியியல் படிக்கறவ நான், காதுல விழுந்தும் விழாத மாதிரி எப்படிப் போவேன்? கேட்டா, "ரோடுன்னாலே தார் ரோடுதாம்மா, நாங்க அப்படித்தான் சொல்லுவோம்"ங்கறார்.

பொறுமையாத்தான் அக்கா எடுத்துச் சொன்னேன். அண்ணே, தாரை ஊத்தறோம், ஜல்லியைக் கொட்டறோம், டைல்ஸைப் பதிக்கறோம், கல்லைப் பாவறோம். பாவறதுன்னா என்ன, தரையில நல்லாப் படிய வெக்கறது. சந்தோஷத்துல மிதக்கறவளைப் பாத்து கால் தரையில பாவலைங்கறோமே, அதே பாவறதுதான். இவ்வளவு வார்த்தை இருக்கறப்ப எல்லாத்தையும் ஒரே தாருக்குள்ள முக்கினா எப்படின்னேன். நியாயம்தானே?

அதுக்கு அவர் சொல்ற பதில், "கொஞ்சம் தள்ளி நின்னு பேசும்மா." தப்பு அவர்மேல, தள்ள வேண்டியது நானா? அசையல. அப்புறம் நடைபாதைக்கு வந்தேன். பேருதான் நடைபாதை, அதுல எவன் நடக்கறான், எல்லாம் பைக்கு நிக்குது. அதுக்கு நிறுத்துபாதைன்னு பேரு வெக்கலாமான்னு நான் ஆரம்பிக்கறேன், அதுக்குள்ள மிஷின்ல இருந்த கலவை இறுகிடுச்சுன்னு மூட்டை கட்டிட்டாங்க. கலவை இறுகினதுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்க. ஆனா வீட்ல எல்லாரும் என்னைத்தான் மொறைக்கறாங்க. அப்பா கார் உள்ளயே கிடக்கு. அம்மா என்கிட்ட பேசறதே தட்டு வெக்கற சத்தத்துலதான்.

என்ன? நான் எங்க நின்னுட்டிருந்தேனா?

இங்கதான். இதே பள்ளத்துல. வாக்குவாதம்னா காலை ஊன்றி நிக்க ஒரு இடம் வேணாமா? என்னைச் சுத்தி சிமெண்டைப் போட்டுட்டு, நான் நின்ன இடத்தை மட்டும் விட்டுட்டுப் போயிருக்கார் அக்கா, பழிவாங்கற மாதிரி.

ஏன் ஸ்கூட்டரைத் திருப்பறீங்க? அக்கா, சுவத்தோரமா இறங்குங்க, அந்தப் பக்கம் ஆழம் கம்மி... ஹெல்மெட்டைக் கழட்டலையா? ஸ்கூட்டரை உள்ளயே விட்டுட்டு அப்படியேவா நடந்து போறீங்க?

அக்கா, ரோட்ல போகாதீங்க, ஓரமா நடைபாதை இருக்கு பாருங்க. ஆமா, நடைபாதைன்னுதான் சொன்னேன். நீங்க நடக்கறீங்கல்ல, இன்னிக்கு ஒரு நாள் அந்தப் பேரே இருந்துட்டுப் போகட்டும்.