பேசுவதற்குக் கீழே வந்தவர்கள்

– மெதுவாப் பேசு, அனு. நம்ம வீட்டு ஜன்னல் தொறந்திருக்கு. பாப்பாவுக்குக் கேட்கும்.

– கேட்கட்டுமே. தமிழ் பேசணும்னா அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழ போய்ப் பேசிக்கோன்னு சட்டம் போட்டது யாரு? நீங்கதானே? கீழ வந்தாச்சு, தூணுங்க மட்டும் நிக்கிற இந்த வாய்ட் டெக் பெஞ்சுல உக்காந்தாச்சு. இங்கயும் மெதுவாவா?

– நான் என்ன பெருசாச் சொல்லிட்டேன்? ‘இங்கிலீஷ், அனு’ன்னேன். அவ்வளவுதானே?

– சுடுற அயர்ன் பாக்ஸ்கிட்ட அவ கை போய்ட்டிருக்கு. ‘ஏய், கைய எடு’ன்னு கத்துறேன். ரூமுக்குள்ள இருக்கிற மனுஷன் பதறிட்டு ஓடி வருவார்னு பாத்தா, கதவுக்குப் பின்னாடியிருந்து ‘இங்கிலீஷ், அனு’ன்னு குரல் வருது.

– அயர்ன் பாக்ஸ்னு எனக்கு எப்படித் தெரியும்? மைலோ டம்ளரக் கொட்டிட்டான்னு நினைச்சேன்.

– கத்துனதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு தெரியுமா உங்களுக்கு? அதச் சொல்லத்தான் பக்கத்து வீட்டு முனீரா அக்காவக் கூப்பிட்டுப் பாப்பாகிட்ட உக்கார வச்சுட்டு வந்தேன்.

– சொல்லு.

– அவ கைய நீட்டுறா. நான் பாத்துக்கிட்டே நிக்கிறேன். நீங்க சொல்லிக் குடுத்ததுதான் மண்டைக்குள்ள ஓடுது. மொதல்ல யாரு. அடுத்து என்ன பண்ணணும். அப்புறம் எந்தப் பொருள். கடைசியா எங்க. ‘யூ’... ‘டேக்’... ‘யுவர் ஹேண்ட்’... அதுக்கு மேல ‘ஃப்ரமா’, ‘ஆஃபா’? அடுக்கி முடிக்கிறதுக்குள்ள விரல் பட்டுடுச்சுங்க.

– ‘டேக் யுவர் ஹேண்ட் ஆஃப்’. அதட்டும்போது முன்னாடி ‘யூ’ வேணாம்... என்னது? பட்டுடுச்சா?

– பாத்தீங்களா? மொதல்ல திருத்தம். அப்புறம்தான் விரலு.

– சாரி லா. பழக்கமாயிடுச்சு. ரொம்பச் சுட்டுடுச்சா?

– லேசாச் செவந்திருக்கு. பைப்புல காட்டிட்டேன். அது ஆறிடும். ஆனா அவ அழலைங்க. சுட்டா ஒரு புள்ள ‘அம்மா’ன்னு கத்த வேணாமா? என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னா. வாயே தொறக்கல.

– அதான் நாளைக்கு டாக்டர்கிட்டப் போறோமே. பேச்சுல என்ன பிரச்சினைன்னு பாத்துச் சொல்லிடுவாங்க.

– பேச்சு வராத புள்ளையா அது? போன தீபாவளிக்குத் தேக்கா மார்க்கெட்டுல அவ்வளவு கூட்டத்துல பூக்கடைக்காரர்கிட்ட, ‘அண்ணே, எனக்கும் வைங்க’ன்னு தலையத் திருப்பிக் காட்டினாளே. மறந்துட்டீங்களா?

– வீட்டு ஆளுங்க பக்கத்துல இருந்தாப் பேசுனா. நர்சரில பேசல. வீட்ல இங்கிலீஷ் பேசுங்க, பழகிடும்னு டீச்சர்தான் சொன்னாங்க. நானாவா சொன்னேன்?

– பழகிடுச்சா? அப்ப நர்சரில மட்டும் பேசாம இருந்தா. இப்ப வீட்லயும் இல்ல.

– அதான் ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன், அனு. நாளைக்கு டாக்டர்கிட்டயும் கேட்டுக்கலாம். அடுத்த மாசத்துலேர்ந்து முழு நாள் நர்சரில போட்டுடலாம். காலையில விட்டா சாயங்காலம் கூட்டிட்டு வரலாம்.

– என்கிட்ட இருக்கக் கூடாது. அதானே?

– அப்படிச் சொல்லல.

– வேற எப்படி? அரை நாள் என்கூட இருக்கா. அந்த அரை நாளையும் எடுத்துடலாங்கிறீங்க. நான் ஏதோ ஒட்டிக்கிற வியாதி மாதிரி.

– ஐயோ, அனு. நீ புதுக்கோட்டையில படிச்சவ. உன் க்ளாஸ் முழுக்க உன்னை மாதிரியே பேசுச்சு. நான் இங்க பிரைமரி ஒன்னுக்குப் போனப்ப எங்க வீட்ல தமிழ் மட்டும்தான். பாத்ரூம் போவணும். கையத் தூக்கி ‘டீச்சர், டாய்லெட்’ன்னேன். ‘முழு வாக்கியமாச் சொல்லு’ன்னாங்க. எனக்குத் தெரிஞ்சது அந்த ரெண்டு சொல்லுதான். எத முன்னாடி வைக்கணும், எத நடுவுல வைக்கணும், ஒண்ணும் தெரியல. ‘டீச்சர் டாய்லெட் கோ’ன்னேன். டீச்சரையே போகச் சொல்றான்னு எல்லாரும் சிரிச்சாங்க. நின்ன எடத்துலயே டிரவுசர் நனைஞ்சு போச்சு.

– இத நீங்க என்கிட்டச் சொன்னதே இல்லையே.

– இதப் போயி யாராவது பொண்டாட்டிகிட்டச் சொல்லுவானா? என் பொண்ணு அப்படி நிக்கக் கூடாது. எனக்கு வேற ஒண்ணும் இல்ல, அனு.

– நிக்க வேணாங்க. நானும் அதான் கேட்கிறேன். நான் கத்துக்கவா மாட்டேங்கிறேன்? ராத்திரி பாத்திரம் தேய்க்கிறப்பக்கூட வாய்க்குள்ள சொல்லிப் பாக்குறேன். ஆனா ஒண்ணு சொன்னாச் சிரிக்கக் கூடாது.

– சிரிக்கல. சொல்லு.

– நம்ம பேச்சுல ‘வந்துட்டேன்’னா போதும். வந்தது நான்தான்னு அதுலயே தெரிஞ்சிடும். இங்கிலீஷ்ல ‘ஐ’ன்னு நான் மட்டும் தனியா முன்னாடி போய் நிக்கணும். மேடையில ஏத்தி விட்ட மாதிரி இருக்கு. பின்னாடி வர வேண்டிய சொல்லெல்லாம் வந்து சேருமா சேராதான்னு திரும்பித் திரும்பிப் பாக்குறேன்.

– எல்லாருக்கும் மொதல்ல அப்படித்தான்.

– அது மட்டுமா? ‘மேசை மேல’ன்னா எனக்கு மொதல்ல மேசை தெரியுது, அப்புறம் அது மேல தட்ட வைக்கிறேன். ‘ஆன் த டேபிள்’ன்னா மேசையே இன்னும் வரல, அதுக்குள்ள மேல வைன்னா எங்க வைக்கிறது? தட்டக் கையில வச்சுக்கிட்டு அந்தரத்துல நிக்கிறேன்.

– ம்ஹ்ம்...

– சிரிக்க மாட்டேன்னீங்க!

– இது சிரிப்பு இல்ல, அனு. கார்னா ‘இன்’, பஸ்னா ‘ஆன்’, ஏன்னு அன்னிக்கு நீ கேட்டப்ப எனக்கே பதில் தெரியல. அது அப்படித்தான் லான்னு சமாளிச்சேன்.

– உங்களையும் ‘யூ’ங்கணும், அவளையும் ‘யூ’ங்கணும், கீழ் வீட்டுப் பூனையையும் ‘யூ’ங்கணும். சரி, அதுகூடப் பழகிட்டேன். சோறு ஊட்டுறதுக்கு என்ன சொல்லணும்னு கேட்டேன். ‘ஃபீட்’ன்னீங்க. மறுநாள் பார்க்குக்குப் போனா, குரங்குக்குத் தீனி போடாதீங்கன்னு போர்டு வச்சிருக்கான். அதுலயும் அதே ‘ஃபீட்’. அன்னிலேர்ந்து ஊட்டுறப்ப ஒண்ணும் சொல்றதில்ல. வாயத் தொறக்கச் சொல்லி நானே வாயத் தொறந்து காட்டுறேன். அவளும் தொறக்கிறா. சாப்பாடு முடிஞ்சிடுது.

– சத்தமே இல்லாமயா?

– சத்தத்துக்கு ஸ்பூன் இருக்கே. நீங்க வேலைக்குப் போயிடுறீங்க, உங்களுக்கு எங்க தெரியும்? பால் ஃப்ரிட்ஜுல இருக்கு, செருப்பு கதவுக்கிட்ட இருக்கு, பொம்மை நாற்காலிக்கு அடியில இருக்கு. இதெல்லாம் நான் இங்கிலீஷ்ல சொல்லிடுவேன். எது எங்க இருக்குன்னு மட்டும் சொல்லிட்டே இருந்தா அதுக்குப் பேரு பேச்சா? நம்ம லிஃப்டுக்குள்ள ஒரு பொம்பளக் குரல் கதவு மூடுது, கதவு தொறக்குதுன்னு சொல்லுமே, அது மாதிரி ஆயிட்டேன்.

– நீயா? கல்யாணத்தன்னிக்கே எங்க சித்தப்பாவ வாயடைக்க வச்சவளாச்சே நீ.

– அந்த அனுப்ரியாவ நீங்கதான் கடைசியாப் பாத்தது. உங்க பொண்ணுக்கு அவளத் தெரியாது.

– நான் ஒருத்தன் எப்பவோ நனைஞ்ச டிரவுசரத்தான் இன்னும் காய வச்சுக்கிட்டிருக்கேனோன்னு பாக்குறேன்.

– முழு நாள் போட வேணாங்க. இங்கிலீஷ நீங்க பேசுங்க, உங்களுக்கு நல்லா வருது. எனக்கு வர்றத நான் பேசுறேன்.

– டாக்டர் கேட்டா என்ன சொல்றது? டீச்சர் சொன்னதக் கேட்கலன்னா நம்மளத்தான் தப்புன்னுவாங்க, அனு. நாளைக்கு அவங்க சொல்றதக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம். அதுவரைக்கும் இப்படியே இருக்கட்டும்.

– அதுவரைக்கும்னா, இப்ப மேல போனா மறுபடியும்...

– இன்னிக்கு ஒரு ராத்திரிதானே?

– அனு! சரத்து தம்பி! கோவிச்சுக்காதீங்க.

– என்னாச்சு முனீராக்கா? பாப்பாவத் தூக்கிக்கிட்டுக் கீழ வந்துட்டீங்க?

– நானா தூக்கியாந்தேன்? இந்தப் புள்ள ஜன்னல்லயே நின்னுக்கிட்டிருந்துச்சும்மா. பாலு வேணாம், பொம்மை வேணாம். கீழ உங்க பேச்சு கேட்குது போல, காதக் குடுத்துக்கிட்டே நிக்குது. அப்புறம் பாத்தா செருப்ப மாட்டிக்கிட்டு லிஃப்டு பட்டன எக்கி எக்கி அமுக்குது. புடிச்சுக் கூட்டியாந்தேன்.

– சிவானி, கம் ஹியர். வை ஆர் யூ...

– விடுங்க. எங்கிட்ட வா, தங்கம். விரல் எரியுதா? அம்மா ஊதிவிடவா? கண்ணு சொக்குது பாரு. வா, மேல போய்த் தூங்கலாம்.

– அம்மா, மேல வேணாம். அங்க போனா உனக்குப் பேச்சு வராது.