இன்னும் திட்டி முடிக்கல

இல்லக்கா, நான் ஒன்னும் விக்கல. ஒடம்பு எளைக்கிற பவுடர் இல்ல, மாத்திரை இல்ல, அந்தப் பச்சத் தண்ணியும் இல்ல. நீங்களாத்தான கேட்டீங்க. ரயில் ஏறுனதும் ஐசி கார்டு கீழ விழுந்துச்சு, எடுத்துக் குடுத்தீங்க, படத்தப் பாத்துட்டு யாரு உங்க அக்காவான்னீங்க. நாந்தான்லா. அதுல கன்னம் இருக்கு, இப்ப இல்ல, அவ்ளோதான் வித்தியாசம். அமுதவள்ளின்னு பேரு கூட ஒன்னுதான், பாருங்க.

என்ன சாப்பிடுறேனா? எல்லாரும் மொதல்ல இதத்தான் கேக்குறாங்க. சோறு சாப்பிடுறேன், கைப்பிடி அளவு. காலைல கோப்பி ஓ கோசோங். சீனியும் கெடையாது பாலும் கெடையாது. மொத மாசம் கரிச்சட்டி கழுவுன தண்ணி மாதிரி இருந்துச்சு. இப்பவும் அப்படித்தான் இருக்கு. அப்புறம் நடக்கறேன். கிள்ளான்ல எங்க நடக்கறது சொல்லுங்க, பாதி ரோட்டுல லோரி, மிச்சத்துல நாய். மொதல்ல மூலையில இருக்கற சீனன் கடை வரைக்கும் போயிட்டு அங்கயே உக்காந்துருவேன். அந்தக் கடைக்காரரு பாவம், எனக்குன்னே ஒரு ஸ்டூல வெளிய போட்டு வச்சாரு. பிளாஸ்டிக் இல்ல, மரம். வெவரமான ஆளு.

வேலையா? பங்சார்ல ஒரு கம்பெனி கேன்டீன், நாந்தான் கிச்சன் பாக்குறேன். சமையல்காரி ஒல்லியா இருந்தா சாப்பிட வர்றவங்களுக்குச் சந்தேகம் வருது. அம்மா நீங்க சமைச்சத நீங்க சாப்பிடுறது இல்லையான்னு கேக்குறாங்க. வயசு நாப்பத்தஞ்சு நடக்குது. கல்யாணமா? பண்ணேன். அவரு ஈப்போவுல இருக்காரு. நல்லாத்தான் இருக்காரு.

முன்ன சொந்தமா கேட்டரிங் வச்சிருந்தேங்க்கா. லிட்டில் இந்தியாவுக்குப் பின் ரோட்டுல, கீழ கடை, மேல வீடு. நானும் என் தம்பியும். ஜெயராஜ்னு பேரு. எனக்கு அவன் ஒருத்தன்தான், அம்மா அப்பா போனதுக்கப்புறம் நாந்தான் வளத்தேன். நான் சமைப்பேன், அவன் லோரி ஓட்டுவான், கஸ்டமர்கிட்ட சிரிப்பான். எனக்குச் சிரிக்க வராது. அதனால அந்த டிப்பார்ட்மெண்ட்ட அவன்கிட்ட விட்டுட்டேன்.

கோவிட் வந்துச்சா, கல்யாணம் காதுகுத்து எல்லாம் நின்னு போச்சு. எப்படியோ தபாவ் பொட்டலம் கட்டி வித்துத் தாக்குப் புடிச்சோம். எல்லாம் திரும்பத் தொறந்த பெறகு மொத பெரிய ஆர்டர், கோயில் மண்டபத்துல கல்யாணம். நான் விடியக்காலைல காய் வாங்க பாசாருக்குப் போயிட்டு வரேன், கடை ஷட்டர் பாதி தொறந்து கெடக்கு. உள்ள ஒன்னும் இல்ல. அடுப்பு இல்ல, அண்டா இல்ல, சோறு வடிக்கிற கூடை கூட இல்ல. லோரியும் இல்ல, தம்பியும் இல்ல. கிரைண்டர மட்டும் விட்டுட்டுப் போயிருந்தான். அது ஓடாது, அவனுக்குத் தெரியும்.

கையில ரெண்டு கூடை கத்திரிக்காயோட நிக்கறேன். கல்யாண வீட்டுக்குப் போன் போட்டு, சாப்பாடு வராது, வேற எடம் பாத்துக்குங்கன்னு சொன்னேன். அந்தம்மா கத்துனது இன்னும் காதுல இருக்கு. அப்புறம் அப்படியே தரையில உக்காந்துட்டேன். எந்திரிக்க முடியல. சோகத்துல இல்லக்கா, வெயிட்டு. பக்கத்து மாலைக்கடையில இருந்து ரெண்டு ஆம்பளைங்க வந்து தூக்கி விட்டாங்க. அதுல ஒருத்தருக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சு. அப்பறமா போய் சாரி சொல்லிட்டு வந்தேன்.

போலீஸ்ல சொன்னீங்களான்னு நீங்களும் கேக்குறீங்க. தம்பிலா. என்னன்னு போய் எழுதிக் குடுக்கறது?

லோரி என் பேர்ல, கடன் என் பேர்ல, லோரி மட்டும் என்கிட்ட இல்ல. கடையையும் விட்டேன், வீட்டையும் விட்டேன். மேருவுல ஒரு சின்ன வீடு வாடகைக்குப் பாத்துக்கிட்டு, பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு வாழையிலை சாப்பாட்டுக் கடைக்குத் தட்டு கழுவப் போனேன். வாழையிலைக் கடையில ஏது தட்டுன்னு கேக்காதீங்க. நானும் அப்படி நெனச்சுத்தான் போனேன். கிண்ணம் இருக்கு, டம்ளர் இருக்கு, ரச வாளி இருக்கு, முடியவே முடியாது. நின்னு நின்னு முட்டி ரெண்டும் போச்சு, பிரஷர் ஏறிச்சு. ஒரு நாள் சாம்பார் வைக்கிற ஆளு சண்ட போட்டுட்டுப் போயிட்டாரு. மொதலாளி கையப் பெசஞ்சுக்கிட்டு நிக்கறாரு. நான் கையத் தொடச்சிட்டு அடுப்புகிட்ட போனேன். அதுக்கப்புறம் சிங்க் பக்கம் திரும்பல. அங்க சாப்பிட வந்த ஒரு மேடம்தான் இந்தக் கேன்டீனுக்குக் கூப்பிட்டாங்க. பேங்க்ல போயி, மாசம் இவ்ளோதான் முடியும், இல்லன்னா என்னையே வச்சுக்குங்கன்னு சொன்னேன். என்னை வேணாம்னுட்டாங்க. அந்த லோரிக்கு இந்த வருசந்தான் கட்டி முடிச்சேன். இப்ப அந்த லோரி எங்க ஓடுதோ.

சா ஆலம் வந்துருச்சா? நீங்க எங்க எறங்கணும்? சரி சரி, அது வரைக்கும் இருக்கு.

தம்பியா? அதத்தான் சொல்ல வரேன். ஒரு நாள் வேலையில இருக்கேன், ஒரு நர்ஸ் போன் பண்றாங்க. இந்த மாதிரி ஜெயராஜ்னு ஒருத்தரு இங்க டயாலிசிஸ் பண்றாரு, அவசரத்துக்கு யாரக் கூப்பிடணும்னு கேட்டா உங்க பேரக் குடுத்திருக்காரு, அப்படின்னாங்க. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். அண்டாவுக்கு நான், அவசரத்துக்கும் நானா? அடுத்த லீவுலயே போனேன். கிள்ளான்லதான், ஒரு கடை வரிசையில மேல் மாடி. முட்டி வலியோட ஒவ்வொரு படிக்கும் ஒன்னொன்னு யோசிச்சுக்கிட்டே ஏறுனேன், என்னென்ன திட்டணும்னு.

உள்ள போனா வரிசையா நாற்காலி, ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் மிஷினு. அவன எனக்கு அடையாளம் தெரியல. மூஞ்சி ஊதி, தோலெல்லாம் கறுத்து. அவந்தான் அக்கான்னான்.

ஆரம்பிச்சேன். அக்கா, ஒன்னு சொல்றேன், திட்டுறதுக்கு அத விட நல்ல எடம் கெடையாது. நாலு மணி நேரம். ரெண்டு குழாய் கையில குத்தியிருக்கு, எந்திரிச்சுப் போக முடியாது. நான் அண்டாவுல ஆரம்பிச்சு ஒவ்வொரு சாமானா வந்தேன். பக்கத்து நாற்காலியில ஒரு மலாய்க்கார பாக்சிக், வயசானவரு, அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனா எல்லாத்துக்கும் தலைய ஆட்டுறாரு. ஏன்டா இப்படிப் பண்ணேன்னு கேட்டா, சிங்கப்பூர்ல வேலை வாங்கித் தரேன்னு ஒரு ஏஜண்டு சொன்னானாம், எல்லாத்தையும் வித்து அவன்கிட்ட குடுத்தானாம், ஏஜண்டு ஓடிட்டானாம். அப்பறம் எங்கடா இருந்தேன்னா, ஜெஞ்சாரோம்ல இருந்தேங்கறான். செம்பனைத் தோட்டத்துல குலைய லோரியில ஏத்துற வேலையாம். ஜெஞ்சாரோம்லா! கிள்ளான்ல இருந்து பஸ் ஏறுனா எவ்ளோ நேரம்? நான் அவன் எங்கயோ கண்காணாத ஊர்ல இருக்கான்னு நெனச்சு அந்தத் தூரத்துக்குத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

ஏன்டா வரலன்னு கேட்டேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக்கா வர்றதுன்னான். அதுக்குள்ள மிஷின் சத்தம் போட்டுருச்சு, நேரம் முடிஞ்சிருச்சுன்னு நர்ஸ் வந்துட்டாங்க. நான் பாதியிலதான் இருக்கேன். அதனால மறுபடியும் போக வேண்டியதாயிருச்சு.

ஆமா, அப்படித்தான் ஆச்சு. ஒவ்வொரு வாட்டியும் மிச்சம் இருந்துச்சு. அப்புறம் பாத்தா அவனே கேக்குறான், அக்கா இன்னைக்கு எந்த சாமான்னு. தண்ணி அதிகமாக் குடிக்கக் கூடாதுன்னு ஐஸ் கட்டிய வாயில போட்டுக்கிட்டு ஒக்காந்திருப்பான், சின்னப் புள்ள மாதிரி. அவன் ரூம்ல ஒரு நாள் போய்ப் பாத்தேன், ஆறு பேர் தரையில படுத்திருக்காங்க. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து ஹால்ல மெத்தையப் போட்டேன். மன்னிச்சிட்டேன்னு எல்லாம் சொல்லல. மெத்தையப் போட்டேன், அவ்ளோதான்.

அவன் கேக்கலக்கா. அதச் சொல்லிருறேன். ஒரு தடவ கூட அவன் வாயத் தொறந்து கேக்கல. நாந்தான் கோலாலம்பூர் பெரிய ஆசுபத்திரிக்குப் போனேன். டாக்டர் சஞ்சீவ்னு, யாழ்ப்பாணத்துக் குடும்பம், வாங்கோ இருங்கோன்னு அவ்ளோ மரியாதை. இருங்கோன்னு சொன்னவரு என்னைப் பாத்துட்டு, நாற்காலியையும் பாத்துட்டு, வேற நாற்காலி கொண்டு வரச் சொன்னாரு. தம்பிக்கு ஒரு கிட்னி குடுக்கலாம்னு வந்தேன்னேன். குடுக்கலாம், மனுசனுக்கு ஒன்னு இருந்தா போதும்னாரு. பேப்பரெல்லாம் பாத்துட்டு, அக்கா உங்களுக்கு பிரஷர் இருக்கு, சக்கரை வாசல்ல வந்து நிக்குது, இந்த எடையில கத்தி வச்சா உங்க தம்பி பொழைப்பாரு, நீங்க பொழைப்பீங்கன்னு நான் சொல்ல மாட்டேன், முப்பது கிலோ எறக்கிட்டு வாங்கோ, அப்படின்னாரு. முப்பது கிலோ. அரிசி மூட்டைய சொல்ற மாதிரி சொல்றாரு.

அதான் நீங்க கேட்ட பவுடரு.

மறுநாள்தான் அந்த சீனன் கடை வரைக்கும் நடந்தேன். அப்புறம் அடுத்த கடை. அப்புறம் பாலம். மழை பேஞ்சா வீட்டுக்குள்ளயே ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடப்பேன், அவன் மெத்தையில படுத்துக்கிட்டு, அக்கா தல சுத்துது ஒரு எடத்துல நில்லுங்கறான். எதுக்கு நடக்கறேன்னு தெரிஞ்சப்ப பெரிய சண்ட. உன் சட்டி பானைய எடுத்தது பத்தாதா, கிட்னிய வேற எடுக்கணுமாங்கறான். அது எடுத்தது, இது குடுக்கறது, வித்தியாசம் இருக்குன்னு சொன்னேன். ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் எனக்குன்னு கீரை வாங்கிட்டு வந்து வச்சிருந்தான். முத்தின கீரை. அவனுக்கு எப்பவுமே காய்கறி பாக்கத் தெரியாது.

ஒரு நாள் அந்த நாற்காலியில இருந்தே என்னைப் பாத்துட்டு, அக்கா நீ அம்மா மாதிரி இருக்கன்னான். அம்மா ஒல்லியா இருப்பாங்க, எனக்கு மறந்தே போயிருந்துச்சு. அன்னைக்கு நான் திட்டல.

ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. எறங்கிருச்சுக்கா, முப்பதும் எறங்கிருச்சு. பிரஷர் அடங்கிருச்சு, சக்கரை வாசல விட்டுப் போயிருச்சு. எல்லா டெஸ்ட்டும் எடுத்தாங்க, ரத்தம், ஸ்கேனு, மனசுக்குக் கூட ஒரு டாக்டரு. யாராச்சும் கட்டாயப்படுத்துறாங்களாம்மான்னு கேட்டாரு. அவனத்தான் கட்டாயப்படுத்த வேண்டியிருக்கு டாக்டர்னேன். எழுதிக்கிட்டாரு. தேதி குடுத்துட்டாங்க.

தேதியா? இன்னைக்குத்தான்.

இல்லக்கா, பதறாதீங்க, உக்காருங்க. ஆப்பரேசன்னா மொத நாளே போயி படுக்கச் சொல்லுவாங்க, இப்படி ரயில்ல வர விட மாட்டாங்க. அவன் போன மாசம் போயிட்டான். தூக்கத்துலயே. நான் நடந்துட்டு வந்து எழுப்புறேன், எழும்பல. இதயம் நின்னுருச்சாம். மிஷின்ல ரொம்ப நாள் இருந்தா அப்படி ஆகுமாம், யாரு மேலயும் தப்பு இல்லன்னாங்க. காரியமெல்லாம் முடிஞ்சிருச்சு. அந்த பாக்சிக் கூட வந்தாரு, கையில ஊசி போட்ட பிளாஸ்டரோட.

அழாதீங்கக்கா. நானே அழல, நீங்க ஏன் அழறீங்க. டிஷ்யூ இருக்கு, இந்தாங்க.

லீவு முன்னாடியே எழுதிக் குடுத்திருந்தேன். கேன்சல் பண்ணிரவான்னு ஆபீஸ்ல கேட்டாங்க, வேணாம்னேன். காலைல எந்திரிச்சேன், நடந்தேன், குளிச்சேன். அப்புறம் கண்ணாடி முன்னால நின்னு பாக்குறேன். ஒடம்பு நல்லா இருக்கு. எனக்குன்னா நான் இத செஞ்சிருக்கவே மாட்டேன், சத்தியமா. ஒரு பிளேட் மீ கோரெங்குக்கு விட்டுக் குடுத்திருப்பேன். இப்ப இத வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியல.

அதான் ஆசுபத்திரிக்குப் போறேன். டாக்டர் சஞ்சீவக் கேக்கலாம்னு, வேற யாருக்காவது வேணுமான்னு. போன்ல கேட்டேன், அவரோட நர்சு எடுத்தாங்க. சொந்தக்காரங்களுக்குத்தான் குடுக்கலாம்க்கா, அந்நியருக்குன்னா ரொம்ப சூசா, கஷ்டம், விட மாட்டாங்கன்னாங்க. போன்ல அப்படித்தான் சொல்லுவாங்க. நேர்ல போயி உக்காந்துட்டா ஒரு பதில் சொல்லித்தானே ஆகணும். கேஎல் சென்ட்ரல்ல எறங்கி மாறிக்கணும், நீங்க மொதல்ல எறங்குங்க, கூட்டமா இருக்கு.

ஒன்னு இருந்தா போதும்னு டாக்டருதான சொன்னாரு.