மிதந்த எலிகளும் மெய் சொன்ன நாவும்

எலிகளின் ஏக்கமும் அறிந்த எங்கள் ஆய்வகத் தலைவரே! முதுமையின் மறதியை முப்பதாண்டுகளாய் முனைந்து ஆராய்ந்து, இன்று பணி ஓய்வு பெறும் முனைவரே! முதுகுக்குப் பின்னால் நாங்கள் 'எலியம்மா' என்றழைத்ததை அறிந்தும் அறியாதவர்போல் நடந்த அன்புடையீர்! வணக்கம்.

உண்ணும் உணவு மூளையின் முதுமையை முந்தவைக்குமா, பிந்தவைக்குமா என்பதே தங்கள் கேள்வி. அதற்காகக் கிழட்டு எலிகளில் ஒரு கூட்டத்துக்குக் கொழுப்புத் தீவனமும், மறு கூட்டத்துக்கு அளவான தீவனமும் இட்டோம். தொட்டித் தண்ணீருக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு மேடை வைத்தோம். இடம் நினைவிருக்கும் எலி நேரே நீந்தி அதில் ஏறிவிடும். மெலிந்தவை ஏறின; கொழுத்தவை ஏறவில்லை. கொழுப்பு நினைவைத் தின்றுவிட்டது என்று நாங்கள் துள்ளினோம். கட்டுரையும் எழுதியாயிற்று, அனுப்புவதுதான் பாக்கி.

எங்களைவிட அந்த முடிவை விரும்பியவர் தாங்கள். தங்கள் அக்காவுக்கு அப்போதுதான் மறதி தொடங்கியிருந்தது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தவர், பிறகு வீட்டுக்கு வரும் வழியை மறந்தார். எலிக்குக் கொடுப்பதை எனக்கும் கொடேன் என்று அவர் கேட்டதைச் சிரித்தபடி எங்களிடம் சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

ஆயினும் மனம் ஒப்பாமல், ஒரு பிற்பகல் முழுதும் தொட்டியோரம் முக்காலியிட்டு அமர்ந்தீர்கள். எழுந்து வந்து சொன்னீர்கள்: "அதுங்க மறக்கலப்பா. சும்மா மிதக்குதுங்க. மேல ஏறணும்னு அதுங்களுக்கு அவசியமே இல்ல."

நண்டு கொழுத்தால் வளையில் தங்காதென்று அறிவோம். எலி கொழுத்தால் நீரில் மூழ்காதென்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை! கட்டுரையை நிறுத்தினீர்கள். பாராட்டக் காத்திருந்தோர் முகம் சுளித்தனர். விளிம்பெங்கும் துளையிட்ட வட்ட மேசையில், ஒரே துளைக்கு அடியில் மட்டும் எலி ஒளிந்துகொள்ள இடம் வைத்து, எந்தத் துளையென்று அதற்கு நினைவிருக்கிறதா எனப் பார்க்க, தண்ணீரே இல்லாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். கொழுத்தவை சற்றே தடுமாறின. ஊரைக் கூட்டிச் சொல்ல அதில் ஒன்றுமில்லை.

அந்த முடிவு வந்த மாலை, "எலிக்கே இன்னும் சரியாத் தெரியலக்கா" என்று அக்காவிடம் சொன்னீர்களாம். கூடப்பிறந்தவரிடம்கூட ஒரு சொல் கூட்டிச் சொல்லாத தங்களை எப்படிப் புகழ்வோம்? கொஞ்சம் கூட்டிப் புகழ்ந்தாலும் தாங்களே திருத்திவிடுவீர்கள்.

நாளை முதல் ஆய்வகச் சாவி எங்களிடம். அக்காவின் பொழுது தங்களிடம். நோயின்றி, நிறைவுடன் நீடு வாழ்க! அவர் தங்கள் பெயரை மறக்கும் நாள் வந்தாலும், ஊட்டும் கை தன் தங்கையுடையது என்பதை மறவாதிருக்கட்டும். இதற்கு எங்களிடம் ஆதாரமில்லை. ஆசை மட்டுமே உண்டு.

என்றும் தங்கள்,
தொட்டியோரத் தோழர்கள்,
ஆய்வகப் பணியாளர் அனைவரும்