கேப்டன் தோர்ன்லியின் கல்லறை

ஹெப்சிபா: பார்த்து நில்லுங்க ஐயா, பூவை மிதிச்சிடப் போறீங்க!

வந்தவர்: ஐயோ, மன்னிச்சிடும்மா. இன்னிக்கு நாடு முழுக்க சிப்பாய்ங்க கல்லறைக்குப் பூ வைக்கிற நாள்தான்... அதுக்காக ஒருத்தருக்கே ஒரு தோட்டமா?

ஹெப்சிபா: கேப்டனாச்சே! முதல்ல தொப்பியை எடுங்க.

வந்தவர்: எடுத்துட்டேன். 'கேப்டன் அமாசா தோர்ன்லி'... உங்களுக்குச் சொந்தமா?

ஹெப்சிபா: முகத்தைக் கூடப் பார்த்ததில்ல. என் தம்பி ரூஃபஸ் அவர் படையில இருந்தான். சிப்பாய்ங்க நனைஞ்சா, அவரும் மழையிலேயே நிப்பாராம்.

வந்தவர்: ரூஃபஸா... பய நல்லா அளந்திருக்கான்.

ஹெப்சிபா: அவனை ஒண்ணும் சொல்லாதீங்க! உள்நாட்டுப் போர்ல, ரிச்மண்ட் ஊர் பக்கத்துச் சண்டையில போயிட்டான்.

வந்தவர்: ம்... அந்தச் சண்டைக்குக் கிளம்பறப்ப ஆளாளுக்குப் பேரைத் தாள்ல எழுதி, கோட்டு முதுகுல குத்திக்கிட்டாங்க. செத்தா அடையாளம் தெரியணுமே.

ஹெப்சிபா: நீங்க அங்க இருந்தீங்களா?

வந்தவர்: இருந்தேன். அம்மா... வாசல்ல கல் கொத்துறவர் நிக்கிறார். இந்தப் பேரை மாத்தணும்.

ஹெப்சிபா: வேண்டாம்! தோண்டி எடுத்துடுவாங்க!

வந்தவர்: யாரை?

ஹெப்சிபா: ...உள்ள கேப்டன் இல்ல. என் தம்பி.

வந்தவர்: அது... உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஹெப்சிபா: ஆஸ்பத்திரிக் கூடாரத்துல செத்தவங்களைக் கழுவுற வேலை எனக்கு. துணியை விலக்கினா... ரூஃபஸ். போட்டிருந்த அதிகாரி கோட்டு முதுகுல கேப்டன் பேரு.

வந்தவர்: நீங்க யார்கிட்டயும் சொல்லலையா?

ஹெப்சிபா: எப்படிச் சொல்லுவேன்? சிப்பாய்னா எல்லாரையும் ஒரே குழியில தள்ளுவாங்க. அதிகாரின்னா தனிப் பெட்டி, தனிக் கல்லு. வாயை மூடிக்கிட்டேன்.

வந்தவர்: அம்மாடி... இத்தனை வருஷமா, ஒத்தையா...

ஹெப்சிபா: அந்தக் கோட்டு அவன்கிட்ட எப்படி வந்துச்சோ. திருடிட்டானோன்னு கேப்டன்கிட்ட வருஷா வருஷம் மன்னிப்புக் கேக்கறேன்.

வந்தவர்: திருடலம்மா! குளிர்காய்ச்சல்ல நடுங்கினான்... படுடான்னா கேக்கல, முன்னாடி ஓடினான். அதிகாரின்னு நினைச்சு எதிரி அவனைக் குறி வெச்சான்.

ஹெப்சிபா: கோட்டு, ஐயா... கோட்டை யார் கொடுத்தது?

வந்தவர்: நான்தாம்மா கழட்டி மாட்டிவிட்டேன். அது எனக்கு வந்த குண்டு. என் பேர்ல இங்க ஒரு கல்லறை இருக்குன்னு போன மாசம்தான் தெரிஞ்சுது. மேலிடத்துல பேசிட்டேன், ரூஃபஸ் இங்கேயேதான் இருப்பான், அவன் பேரோட... வெறும் சட்டையோட உசிரு தப்பின தோர்ன்லி சொல்றேன்.