முத்திரை என்னுடையதல்ல

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், ஐயா. சளி பிடித்திருக்கிறது. குறுக்கே பேசாமல் கேட்டால் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிவிடுவேன்.

தேர்தலில் நாங்கள் தோற்றோம். நியாயமாகத்தான் தோற்றோம், கட்சி முகவராக நானே எண்ணும் மேசையருகில் நின்று பார்த்தேன். ஆனால் கட்சிக்குள் தலைமைப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. தோற்ற தலைவரைவிட்டு ஆட்கள் மெல்லக் கழன்றுகொள்வார்கள். ஏமாற்றப்பட்ட தலைவர் என்றால் கூடவே நிற்பார்கள். வாக்குச்சீட்டுகளைத் தணிக்கை செய்யச் சொல்லிக் கேட்கலாம் என்று அங்கிருந்தே போன் செய்தேன். முடிவு மாறாது என்பதையும் மறைக்கவில்லை. "மாறாட்டி என்னய்யா, அதுவரைக்கும் கட்சி நம்ம கையில இருக்கும்ல?" என்றார் தலைவர்.

கேட்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே. எண்ணிய சீட்டுகளை அறையில் வைத்துப் பூட்டி, பூட்டின்மேல் அரக்கை உருக்கி ஊற்றுவார்கள். அதில் ஒவ்வொரு முகவரும் தன் கட்சி முத்திரையைப் பதிக்க வேண்டும். ஜெயித்தவர்கள் பதித்துவிட்டுக் கொண்டாட ஓடிவிட்டார்கள். நான் கடைசியாக நின்று, வேறு ஏதோ ஒரு முத்திரையைப் பதித்தேன். அறைக்குப் பொறுப்பான அதிகாரி உற்றுப் பார்க்கவில்லை. அவர் என் தங்கையின் கணவர். என்மேல் அவ்வளவு நம்பிக்கை. "வாங்க மச்சான், பசி உயிர் போகுது" என்று வீட்டுக்குக் கூட்டிப்போனார். வயிறு நிறையச் சாப்பிட்டோம்.

மறுநாள் எல்லோர் முன்னிலையிலும், இது என் முத்திரையல்ல, யாரோ அறையைத் திறந்து மூடியிருக்கிறார்கள் என்றேன். சொந்த மாப்பிள்ளையைக்கூட விடவில்லையே, என்ன நேர்மை என்று ஊர் வாயைப் பிளந்தது. தணிக்கைக்கு உத்தரவு வந்தது. தலைவர் பதவியும் தப்பியது. அதற்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டுச் சுவருக்குப் புது வண்ணம் அடித்திருந்ததுகூட, காசு எங்கிருந்து வந்தது என்று சந்தேகமாகிவிட்டது. வண்ணம் அடிக்க ஆள் அனுப்பியதே நான்தான்.

தங்கை வந்து அழுதாள். "அண்ணா, அவரை வெளிய தலைகாட்ட விடமாட்டேங்கிறாங்க. அவர் தப்பு பண்ணலன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்." விசாரணை நடக்கும்போது நான் பேசுவது முறையல்ல என்று பொறுமையாக விளக்கினேன். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளை எந்த வழியாக வீடு திரும்புவார் என்று எங்கள் கட்சிப் பையன்கள் கேட்டார்கள். பால் கடைக்குப் பின்னால் இருக்கும் சந்து என்றேன். பேசத்தான் போகிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் கையில் இரும்புக் கம்பிகள் இருந்தன; கொடி கட்டுவதற்கு என்று வைத்துக்கொண்டேன். கொடி எதுவும் இல்லை என்பதையும் பார்த்தேன்.

அவரைச் சுடுகாட்டில் எரித்த மறுநாள் தணிக்கை முடிந்தது. ஒரு சீட்டுகூடக் கூடவோ குறையவோ இல்லை. அவள் அதை ஊரார் வாயால் கேட்கக் கூடாது என்று நானே ஓடினேன். "உன் புருஷன் எந்தத் தப்பும் பண்ணலம்மா" என்றேன். அவள் கேட்ட அந்த ஒரு வார்த்தையை, ஐயா, முதலில் சொன்னவன் நான்தான்.